பூட்டுக்குள் ஒடிந்த ஆக்சா பிளேடு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. முன்கதவில் சாவி நுழையவே மாட்டேன் என்கிறது, சீக்கிரம் வாருங்கள் என்றார்கள். போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். சாவித் துளையின் அடிப்பக்கம் ஒரு மெல்லிய எஃகுத் துண்டு மாட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் அந்த வீட்டுப் பையன், பிளஸ் டூ படிக்கிறவன், தரையைப் பார்த்தபடி நின்றான். அப்பா அம்மா வெளியே போன நேரத்தில் ஆக்சா பிளேடை ஒடித்து வளைத்து, வீட்டுக் கதவிலேயே சாவி இல்லாமல் பூட்டுத் திறக்கப் பழகியிருக்கிறான். உள்ளே எழுந்து வர முடியாத பாட்டி. ஊசிமூக்குக் குறடும் மெல்லிய கொக்கியும் வைத்து அந்தத் துண்டை வெளியே எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் பாட்டி உள்ளிருந்து பேரனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

நான் அவனைத் திட்டவில்லை. பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுவது நல்ல ஆசை, நானும் அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். ஆனால் அவன் செய்த தவறு எனக்கு ரொம்பப் பழக்கமானது. பூட்டுத் திறப்பதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்கிறவர்கள் எல்லோரும் உள்ளே பின்களைத் தூக்கும் கொக்கிக்குத்தான் மெனக்கெடுகிறார்கள். பூட்டை லேசாகத் திருப்பிப் பிடிக்கும் டென்ஷன் கம்பியைக் கையில் கிடைத்த எதையோ வளைத்துச் செய்துவிடுகிறார்கள், அங்கேதான் கெடுகிறது.

நம் வீட்டுக் கதவுகளில் இருக்கும் பின் சிலிண்டர் பூட்டு, 1860-களில் அமெரிக்காவின் லைனஸ் யேல் காப்புரிமை பெற்ற அமைப்பிலிருந்து வந்தது. உள்ளே வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றிலும் சாவி தொடும் பின் ஒன்று, சுழற்சியைத் தடுக்கும் பின் ஒன்று, அதன்மேல் ஸ்பிரிங். சரியான சாவி போனால் எல்லா ஜோடிகளும் பிரியும் இடம் ஒரே கோட்டுக்கு வந்து சிலிண்டர் சுழலும். ஆனால் எந்தத் தொழிற்சாலையிலும் அந்தத் துளைகளை அணு பிசகாமல் ஒரே நேர்கோட்டில் போட முடியாது. மில்லிமீட்டரில் நூறில் சில பங்காவது விலகும். அதனால் சிலிண்டரை லேசாகத் திருப்பிப் பிடித்தால் எல்லாப் பின்களும் ஒன்றாக இறுகாது, முதலில் ஒன்றுதான் இறுகும். அதைத் தூக்கினால் தடுப்புப் பின் விளிம்பில் உட்காரும், சிலிண்டர் ஒரு மயிரிழை நகரும், அடுத்தது இறுகும். அந்த நகர்வை விரலுக்குச் சொல்வது டென்ஷன் கம்பிதான். திருகுவதற்கான கருவி என்று நினைத்துத் தடிமனாகச் செய்தால் பூட்டு சொல்வது எதுவும் கைக்கு வந்து சேராது.

அழுத்தம் எவ்வளவு வேண்டும் என்று கேட்பார்கள். சந்தையில் தக்காளி பழுத்திருக்கிறதா என்று தோல் கிழியாமல் அழுத்திப் பார்ப்போமே, அவ்வளவுதான். அதிகம் போட்டால் நாலைந்து பின்கள் சேர்ந்து இறுகிவிடும், எதைத் தூக்குவது என்றே தெரியாது. அப்புறம் இடுப்பு ஒடுங்கிய பின் வைத்த பூட்டுகள் இருக்கின்றன, அவற்றில் ஒரு கட்டத்தில் சிலிண்டர் பின்னோக்கித் திரும்பக் கேட்கும், விட்டுக்கொடுக்க வேண்டும். விறைப்பான தடிக்கம்பி அதை உணர விடாது, நாமும் பயந்து இன்னும் அழுத்துவோம்.

சரி, எதில் செய்வது? என் முதல் தேர்வு பழைய கார் வைப்பர். மெக்கானிக் கடையில் கழற்றிப் போட்டதைக் கேட்டாலே கொடுத்துவிடுவார்கள். ரப்பரை உருவினால் அதன் இரு பக்கமும் ஓடும் இரண்டு மெல்லிய எஃகுப் பட்டைகள் கிடைக்கும். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தடிமன், துருப்பிடிக்காது, வில் போல வளைந்து திரும்பும். அமெரிக்க நகரங்களில் இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் தெருக் கூட்டும் வண்டியின் பிரஷ்ஷிலிருந்து உதிரும் எஃகுப் பட்டைகளைப் பொறுக்கி எடுத்து வருவது பழைய வழக்கம். இரண்டுமே ஏற்கெனவே பதமான எஃகு, அதுதான் விஷயம்.

வைப்பர் பட்டையைச் சூடாக்காதீர்கள். சூடுபட்டால் அந்த வில்தன்மை போய்விடும், வீட்டில் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பத்து சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டி, ஒரு முனையை வைஸில் ஓர் ஆணியோடு சேர்த்துப் பிடித்து, ஆணியின் வளைவைச் சுற்றி மெதுவாக மடக்குங்கள். கூர்மையான மூலையாக மடக்கினால் அந்த இடத்தில்தான் பின்னால் விரிசல் விடும். மடங்கிய கால், சாவித் துளையின் வாயில் உட்காரும் அளவு இருந்தால் போதும், நீளம் கூடினால் கொக்கி போக இடமிருக்காது. கம்பியைத் துளையின் மேல்பக்கம் மாட்டும் வகை என்றால் முதல் பின்னைத் தொடாத அளவுக்குக் குட்டையாக இருக்க வேண்டும். அப்புறம் அரம். அகலத்தை ஒரேயடியாகக் குறைக்காமல், இரண்டு இழுப்பு இழுத்து, துளையில் வைத்துப் பார்த்து, மறுபடி இரண்டு இழுப்பு. ஆடாமலும் சிக்காமலும் உட்கார வேண்டும். கடைசியாக விளிம்பையெல்லாம் எமரித் தாளில் தேய்த்து, விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு ஒன்று விட்டாலும் அது பித்தளையைச் சுரண்டும், அந்தத் துகள் பின்களுக்கு இடையில் விழுந்து, அப்புறம் நல்ல சாவிக்கும் பூட்டு முரண்டு பிடிக்கும்.

ஆக்சா பிளேடு வேறு கதை. 0.65 மில்லிமீட்டர் அளவுதான் தடிமன், பார்க்கப் பொருத்தமாகத் தெரியும். ஆனால் முழுக்கக் கடினமாக்கிய பிளேடு வளையாது, கண்ணாடி மாதிரி ஒடியும். அந்தப் பையன் கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, வளைத்து, தண்ணீரில் முக்கியிருக்கிறான். கார்பன் எஃகை அப்படிச் செய்தால் முன்பைவிட நொறுங்கும் தன்மைதான் கூடும். தண்ணீரில் முக்கி எடுத்த பிறகு மறுபடி இளஞ்சூட்டில் காட்டி, மேற்பரப்பு நீல நிறத்துக்கு வரும்வரை, ஏறக்குறைய 300 டிகிரி, பதம் இறக்க வேண்டும். நம் ஊர்க் கொல்லர்கள் அந்த நிறத்தைக் கண்ணாலேயே பிடிப்பார்கள். அவனுக்கு அந்தப் படி தெரியாது, வீடியோவில் வேகமாக ஓட்டியிருப்பார்கள்.

கிரைண்டரில் பிடிக்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். நான் பழகிய பட்டறையில் உடன் வேலை செய்தவர் ஒருவர், ஒரே நிமிடம்தானே என்று கண்ணாடி இல்லாமல் ஒரு பட்டையைச் சாணை பிடித்தார். தூசி போல ஒரு துகள், கருவிழியில் தைத்தது. மருத்துவர் எடுத்துவிட்டார், ஆனால் இரவில் எதிரே வண்டி விளக்கு வந்தால் இன்றும் அவருக்குக் கூசுகிறது. பிளேடை வைஸில் ஒடிக்கும்போதும் துணி சுற்றி ஒடியுங்கள், துண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதையெல்லாம் சொல்லித் தரலாமா, திருடனுக்கு உதவாதா என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1851-இல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ், திறக்கவே முடியாது என்று பேர் வாங்கியிருந்த, சப் (Chubb) கம்பெனியின் பூட்டைத் திறந்தார். பிறகு பிராமா கம்பெனி கடைக் கண்ணாடிக்குள் வைத்துப் பல ஆண்டுகளாக 200 கினி (அன்றைய பிரிட்டிஷ் பணம்) பந்தயம் கட்டியிருந்த பூட்டையும் 16 நாட்களில், மொத்தம் 51 மணி நேரம் உழைத்துத் திறந்துவிட்டார். ஊரே கொதித்தது. ஆனால் பூட்டின் குறை வெளியே தெரிந்ததால்தான் பூட்டுக்காரர்கள் அதைச் சரிசெய்ய வேண்டி வந்தது. திருடன் வாரக்கணக்கில் டென்ஷன் பழக மாட்டான், கடப்பாரைதான் எடுத்து வருவான்.

ஆனால் எல்லை இருக்கிறது. நெதர்லாந்து, ஜெர்மனி, அமெரிக்கா என்று பூட்டுத் திறப்பதை விளையாட்டாகவே நடத்தும் குழுக்கள் பல நாடுகளில் உண்டு. அவர்களிடம் இரண்டு விதிகள் கறாரானவை. உங்களுடையது அல்லாத பூட்டை உரிமையாளர் அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. உங்களுடையதே ஆனாலும், பயன்பாட்டில் இருக்கும் பூட்டில் பழகக் கூடாது. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் அந்த நாட்டுச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் 2003-இல் வந்த சட்டப்படி, தக்க காரணம் இல்லாமல் இப்படிப்பட்ட கருவிகளை வைத்திருப்பதே குற்றம்.

திண்டுக்கல் பூட்டில் பழகலாமா என்றும் கேட்கிறார்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பூட்டுகள் பெரும்பாலும் கையால் செய்த லீவர் பூட்டுகள், அதாவது பின்களுக்குப் பதில் உள்ளே தகடுகள் வைத்தவை. அங்கே சுழலும் சிலிண்டர் கிடையாது, அழுத்தம் தாழ்ப்பாளின் மேல் விழ வேண்டும், கம்பியின் வடிவமே வேறு. முதலில் பழைய இரும்புக் கடையில் ஒரு சின்னப் பித்தளைத் தொங்கு பூட்டு வாங்கி, மேசைமேல் வைத்துத் தொடங்குங்கள்.

அந்தப் பையன் இரண்டு வாரம் கழித்துக் கடைக்கு வந்தான். வைப்பர் பட்டையில் செய்த கம்பி ஒன்று, விளிம்பெல்லாம் வழுவழுவென்று. பக்கவாட்டில் நான் வெட்டித் திறந்து வைத்திருக்கும் பூட்டைக் கொடுத்தேன். முதலில் கட்டைவிரலால் அழுத்தினான், பின்கள் எல்லாம் இறுகி நின்றன. கையை எடுத்துவிட்டுச் சுண்டுவிரலை மட்டும் கம்பியின் நுனியில் வைத்தான். மூன்றாவது பின் டக்கென்று உட்கார்ந்தது, கம்பியின் நுனி கொஞ்சமாய் இறங்கியது. "அண்ணா, நகருது" என்றான்.