எல்லா ஊரையும் நீங்களே பிடித்து வைத்துக்கொள்ளாதீர்கள்

போன சனிக்கிழமை மாலை, கணினி விளையாட்டில் இன்னொரு சோழ நாடு உடைந்தது. இந்த வருடத்தில் இது ஐந்தாவது. பையன் இரண்டாம் வருடம் வரலாறு படிக்கிறான், நகரியிலிருந்து பஸ்ஸில் வருகிறவன். லேப்டாப்பைத் திறந்து என் மேஜைமேல் வைத்துவிட்டு, "நல்லாத்தான் சார் போய்க்கிட்டிருந்துச்சு. ராஜா செத்ததும் எல்லாம் போயிடுச்சு" என்றான். கண் சிவந்திருந்தது. விடியற்காலை 3 மணி வரை உட்கார்ந்திருக்கிறான்.

திருத்தணிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். நகரி, புத்தூர், பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை என்று எல்லைக்கு இரண்டு பக்கமிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். பாதிப் பேர் வீட்டில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஓடும். சனிக்கிழமை மதியம் கணினி ஆய்வகத்தில் 'குரூசேடர் கிங்ஸ் 3' என்ற, இடைக்கால அரசனாக நாட்டை ஆளும் கணினி விளையாட்டை விளையாட வைக்கிறேன். இடைக்கால அரசன் ஒருவன் எதற்காக இன்னொருவனுக்கு நிலம் கொடுத்தான் என்பதைப் பாடப் புத்தகத்தைவிட அந்த விளையாட்டு வேகமாகச் சொல்லிக்கொடுக்கும் என்று நம்பித்தான் ஆரம்பித்தேன். இன்றும் நம்புகிறேன். ஆனால் ஒரே தவறை ஐந்து பேர் வரிசையாகச் செய்துவிட்டு வந்து நிற்கும்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

ராஜா சாவதற்கு முன் ஆட்டத்தைச் சேமித்து வைத்த சேவ் ஃபைலைத் திறக்கச் சொன்னேன். ஆட்டம் 1066ஆம் ஆண்டில் தொடங்குகிறது, அரசன் வீரராஜேந்திர சோழன். எல்லாரும் அதைத்தான் எடுப்பார்கள், நாடு ஏற்கெனவே பெரிதாக இருக்கும். பையன் வேங்கியில் (கடலோர ஆந்திரம்) பாதிக்கு மேல் பிடித்திருக்கிறான், மேற்கே மலை தாண்டியும் போயிருக்கிறான். வரைபடம் முழுக்க ஒரே நிறம். திரையின் மேல் வலது மூலையில் மட்டும் சிவப்பாக ஓர் எண்: 17/7.

"இது என்னப்பா?"

"டொமைன் சார். லிமிட் தாண்டிடுச்சு. பரவாயில்ல சார், நிலம் நம்ம கையிலதான இருக்கு."

இந்தப் 'பரவாயில்லை'யைத்தான் ஐந்து பேரும் சொன்னார்கள். அரசன் நேரடியாக ஆளக்கூடிய ஊர்களுக்கு அந்த விளையாட்டில் ஒரு வரம்பு உண்டு. அரசனின் பட்டம், அவனுடைய நிர்வாகத் திறன் ஆகியவற்றைப் பொறுத்து அது கூடும், குறையும். வரம்பைத் தாண்டினால் கூடுதலாகப் பிடித்து வைத்த ஊரில் மட்டும் வருமானம் குறையும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தாண்டிய ஒவ்வொரு ஊருக்கும் உங்கள் கையிலுள்ள எல்லா ஊர்களின் வரியும் படையும் குறையும். தஞ்சாவூர் வரியும் சேர்ந்துதான் குறையும். பதினெட்டாவது ஊரைப் பிடித்த அன்றைக்கு நீங்கள் இன்னும் ஏழையாகிறீர்கள்.

அவனுடைய அப்பா நகரியில் விசைத்தறி ஓட்டுகிறார். அதையே கேட்டேன். "உங்க அப்பா ஒருத்தர் எத்தனை தறி பார்ப்பார்?" "நாலு சார்." "பத்துத் தறியை ஒருத்தர்கிட்டக் கொடுத்தா?" நூல் அறுந்தது தெரியாமல் தறி ஓடிக்கொண்டே இருக்கும், நல்லாப் போய்க்கொண்டிருந்த நாலு தறித் துணியும் சேர்ந்து கெடும் என்று அவனே சொன்னான். சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தான். பிறகு பத்து ஊர்களை ஒவ்வொன்றாக ஆட்களுக்குக் கொடுக்க வைத்தேன். மாத வருமானம் ஏறியது. நிலத்தைக் கொடுக்கக் கொடுக்கப் பணம் கூடுவதை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு எண்ணம் இருக்கிறது, எனக்கு எரிச்சல் வருவது அதன் மேல்தான். சிற்றரசன் என்றாலே திருடன், நம் வரியில் பங்கு தின்கிறவன், இன்றோ நாளையோ முதுகில் குத்தப்போகிறவன் என்ற எண்ணம். விளையாட்டோடு நின்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். விடைத்தாளிலும் வருகிறது. 'சிற்றரசர்களின் துரோகத்தால் பேரரசுகள் வீழ்ந்தன' என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள்.

தக்கோலம் நமக்கு எவ்வளவு தூரம்? அரக்கோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 949இல் அங்கே ராஷ்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணனோடு நடந்த போரில், முதலாம் பராந்தகனின் மூத்த மகன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே இறந்தான். அவனை வீழ்த்தியவன் கிருஷ்ணன் அல்ல, கிருஷ்ணனுக்குக் கீழிருந்த கங்க அரசன் பூதுகன். அவனுக்குப் பரிசாக பனவாசி 12,000 (அந்த எண் நாட்டுப் பெயரின் பகுதி) உள்ளிட்ட நாடுகளைக் கிருஷ்ணன் கொடுத்ததை ஆதகூர்க் கல்வெட்டு சொல்கிறது. போரை வென்று கொடுத்தவன் ஒரு சிற்றரசன். அவனுக்கு நிலம் கொடுத்ததைக் கிருஷ்ணனுக்கு நஷ்டம் என்று யாராவது எழுதுவீர்களா? பூதுகன் கிருஷ்ணனின் சகோதரி கணவனும்கூட. பெண் கொடுத்த உறவும் நிலம் கொடுத்த உறவும் சேர்ந்துதான் அந்தக் காலத்து அரசியல். விளையாட்டிலும் அதே கதைதான்: கல்யாணத்தால் கூட்டாளி ஆனவன் உங்களுக்கு எதிராகச் சிற்றரசர்கள் சேர்க்கும் கூட்டமான ஃபேக்‌ஷனில் சேர முடியாது.

சிற்றரசன் கவிழ்ப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் திருத்தணி வீரட்டானேசுவரர் கோயில் பல்லவன் அபராஜிதன் காலத்துக் கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில். திருப்புறம்பியம் போரில் அவன் பக்கம் நின்ற ஆதித்த சோழனே பிற்பாடு அவனைத் தோற்கடித்தான். அதைச் சொல்லும் செப்பேடு கிடைத்த திருவாலங்காடும் இங்கேதான் பக்கத்தில். அதற்காகக் கொடுக்காமலே இருப்பது வழியில்லை. யாருக்கு, எவ்வளவு என்று பார்த்துக் கொடுப்பதுதான் வேலை.

இரண்டாவது தவறு அங்கே வருகிறது. "சரி, கொடுத்துடறேன் சார்" என்று ஒரே ஆளுக்கு நாலு டியூக் பட்டத்தை (பல ஊர் சேர்ந்த ஒரு மண்டலத்தின் தலைமை) தூக்கிக் கொடுப்பது. போன மாதம் ஒரு மாணவி இதைத்தான் செய்தாள். ஒவ்வொருவராகத் தேட அலுப்பு, அதனால் சித்தப்பா முறைக்காரர் ஒருவருக்கே தொண்டை மண்டலம் முழுக்கக் கொடுத்துவிட்டாள். பத்து வருடத்தில் அவருடைய படை அவளுடையதைவிடப் பெரிதாகிவிட்டது. ஃபேக்‌ஷனின் படை உங்கள் படையை நெருங்க ஆரம்பித்தால்தான் ஆபத்து. பத்துச் சின்ன ஆட்கள் முணுமுணுத்தால் பாதகமில்லை, ஒரு பெரிய ஆள் முறைத்தால் போதும். 1231 வாக்கில் மூன்றாம் ராஜராஜனைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்த கோப்பெருஞ்சிங்கன், சோழர்களுக்குக் கீழ் வளர்ந்த காடவர் குலத்தவன். சக்கரவர்த்தியை மீட்க ஹொய்சளர் வரவேண்டியிருந்தது. திருவந்திபுரம் கல்வெட்டில் அந்தக் கதை முழுக்க இருக்கிறது. தேர்வுக்குத் தேவையோ இல்லையோ, ஒருமுறை படியுங்கள்.

ஆகவே ஒரு ஆளுக்கு ஒரு டியூக் பட்டம், அதற்கு மேல் வேண்டாம். சொந்தக்காரர்களைவிட உங்கள் பட்டத்தின்மேல் உரிமை கோர முடியாத வெளி ஆள் நல்லது. 1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன் வேங்கிச் சாளுக்கிய வீட்டுப் பிள்ளை, ராஜேந்திரனின் மகள் வயிற்றுப் பேரன். பெண் கொடுத்த இடத்திலிருந்து உரிமையும் திரும்பி வரும். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் இரண்டு டியூக் பட்டத்துக்கு மேல் கையில் வைத்திருக்காதீர்கள், கீழே உள்ளவர்கள் அதற்காகவே வெறுப்பார்கள். பலம் வாய்ந்த சிற்றரசனுக்கு மந்திரி சபையில் இடம் கொடுங்கள். அவனைவிடத் திறமைசாலி வேறு ஆள் இருந்தாலும் கொடுங்கள். திறமைக்காக ஒருவனை உட்கார வைத்துவிட்டுப் பெரியவனை வாசலில் நிற்க வைப்பது படித்த பிள்ளைகள் செய்கிற தவறு. காரணம் இல்லாமல் யாருடைய பட்டத்தையும் பறிக்காதீர்கள். ஒருவனிடம் பறித்தால் மற்ற எல்லாரும் 'நாளைக்கு நாம்' என்று நினைப்பார்கள். சிற்றரசன் உங்களுக்குத் தரவேண்டியதைச் சொல்லும் ஒப்பந்தத்தை இறுக்க வேண்டுமா, முதலில் அவன்மேல் ஒரு ஹூக், அதாவது அவனைப் பணிய வைக்க ஒரு பிடி, சம்பாதியுங்கள். புதிதாகப் பிடித்த ஊருக்குத் தளபதியை அனுப்பிக் கட்டுப்பாட்டை ஏற்றுங்கள், அப்புறம் அடுத்த போரைப் பற்றி யோசிக்கலாம்.

நகரிப் பையனின் நாடு உடைந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூன்று மகன்கள், அரசன் செத்தால் நாட்டை மகன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஆரம்ப காலத்துப் பங்குப் பிரிவினைச் சட்டம். ஆந்திர நாட்டில் பாதிக்கு மேல் பிடித்ததால் அங்கே ஒரு புது அரச பட்டமே உருவாகி இரண்டாவது மகனுக்குப் போய்விட்டது. பேரரசர் பட்டம் இல்லாததால் தம்பி தனி ராஜா. வாரிசுப் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால் யாருக்கு எது போகும் என்று முன்கூட்டியே எழுதியிருக்கும். பார்க்கவில்லை. "அந்தப் பக்கம் நான் தொறந்ததே இல்ல சார்" என்றான். தம்பி, அதைத்தான் முதலில் திறக்க வேண்டும்.

மகன் பட்டத்துக்கு வந்தபோது இன்னொன்றும் நடந்திருந்தது. அப்பாவின் வரம்பு 7. நிர்வாகத் திறன் குறைந்த மகனுக்கு 5. அப்பா 7 ஊரோடு சரியாக நின்று, அவை பிரியாமல் மகனுக்கே வந்திருந்தாலும் அவன் முதல் நாளே வரம்பைத் தாண்டியிருப்பான். வயதான அரசனோடு விளையாடுகிறவர்கள் மகனின் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். கஜானாவில் பணம் விட்டுச் செல்லுங்கள், நடக்கிற போரை முடித்துவிட்டுச் செல்லுங்கள். புது ராஜாவை யாருக்கும் பிடிக்காது. முதல் ஐந்து வருடம் பரிசு கொடுங்கள், தங்கைகளுக்கும் பெண்களுக்கும் கல்யாணம் செய்து கூட்டாளிகளைச் சேருங்கள், எவன் மீதும் படையெடுக்காதீர்கள்.

அப்புறம், தயவுசெய்து தூங்குங்கள். ராத்திரி 2 மணிக்கு அரைக் கண்ணோடு எடுத்த முடிவுகள்தான் என் மேஜைக்கு வருகின்றன. பங்குப் பிரிவினை எச்சரிக்கையைப் படிக்காமல் மூடிய விரல் தூக்கக் கலக்கத்தில் இருந்த விரல். செமஸ்டர் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு புது ஆட்டம் ஆரம்பிக்காதீர்கள். சோழ நாடு எங்கும் போய்விடாது.

ஆய்வகம் சனிக்கிழமை 3 மணிக்குத் திறந்திருக்கும். சேவ் ஃபைலோடு வாருங்கள். ராஜா செத்த பிறகு எடுத்த ஃபைல் வேண்டாம், அவர் உயிரோடு இருக்கும்போதே கொண்டுவாருங்கள்.