பத்து சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால் போதுமா?

ஆய்வேடு சமர்ப்பிக்கிற வாரத்தில் நூலகத்தில் எல்லோரும் கேட்பது "எத்தனை பர்சென்ட் வந்திருக்கு?" என்பதைத்தான். ஏட்டில் எவ்வளவு பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று எழுத்துத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருள் அறிக்கை காட்டும் சதவீதம் அது. ஒன்பது என்றால் நிம்மதி. பன்னிரண்டு என்றால் அன்றிரவே சொல் மாற்றும் வேலை தொடங்கிவிடும். பெரிய தவறுகள் நடப்பது அந்த இரவில்தான்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைகளின்படி ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால், அதிகபட்சம் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால், திருத்திய ஏட்டை ஓராண்டுக்குக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆசிரியர்களின் கட்டுரைகளுக்கும் இதே அளவுகோல்தான். 40க்கு மேல் 60 வரை என்றால் கட்டுரையைத் திரும்பப் பெறுவதோடு ஓர் ஊதிய உயர்வும் போகும், 2 ஆண்டுகளுக்குப் புதிய ஆய்வாளர்களை எடுக்க முடியாது. உரிய முறையில் காட்டிய மேற்கோள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, சட்டப் பிரிவுகள், சமன்பாடுகள் ஆகியவை கணக்கில் சேராது. பொதுவாகத் தெரிந்த செய்தி தொடர்ந்து 14 சொற்கள் வரை ஒத்துப்போனாலும் விலக்கு உண்டு. இந்த 14ஐ மென்பொருள் அமைப்பில் 25 ஆக்கிச் சதவீதத்தை இறக்குவது ஏமாற்று வேலை. நெறியாளர் அறிக்கையின் முதல் பக்கத்துச் சதவீதத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் இது தெரியவே தெரியாது.

மென்பொருள் பார்ப்பது எழுத்துத் தொடர்களை, திருட்டை அல்ல. ஆய்வு முறையியல் இயலில் 20 சதவீதம் வருவது பெரும்பாலும் வழக்கமான சொற்றொடர்களால். முடிவுகள் இயலில் வரும் 3 சதவீதம் வேறொருவரின் கண்டுபிடிப்பாகவே இருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. மூலத்தில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "கடனுக்கு நூல் எடுக்கும் நெசவாளர், சேலையின் விலையைத் தானே தீர்மானிக்கும் உரிமையை முதலிலேயே இழந்துவிடுகிறார்." இரவில் மாற்றிய வடிவம்: "கடன்பட்டு நூல் வாங்கும் நெசவாளி, புடவையின் மதிப்பைத் தானே நிர்ணயிக்கும் உரிமையைத் தொடக்கத்திலேயே தொலைத்துவிடுகிறார்." மென்பொருளில் இது சுத்தமாக வந்துவிடலாம். ஆனால் கருத்தும் மூல ஆசிரியருடையது, வாக்கியத்தின் எலும்புக்கூடும் அவருடையது. அடியில் ஆதாரம் போட்டால்கூடப் பாதிதான் சரி, ஏனென்றால் நடை உங்களுடையது என்று வாசகர் நம்பிவிடுவார்.

மூலத்தை மூடி வைத்துவிட்டு எழுதுங்கள்: "நூல் வாங்கும் நாளிலேயே நெசவாளரின் பேரம் முடிந்துவிடுகிறது என்கிறார் இன்னார், கூட்டுறவுச் சங்கத்தில் நூல் பெறுவோருக்கும் இது பொருந்துமா என்பதை நான்காம் இயல் ஆராய்கிறது." கூடவே ஆண்டு, பக்க எண். இப்போது அவர் சொன்னது எதுவரை, நீங்கள் சொல்வது எங்கிருந்து என்பது தெரிகிறது.

சொல் மாற்றும் கருவிகளை நம்புவது இன்னும் ஆபத்து. கபானாக், லாபே, மகாசினோவ் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 2021இல், அப்படி மாற்றிய கட்டுரைகளில் 'செயற்கை நுண்ணறிவு' என்பது 'போலி உணர்வு' என்று ஆகியிருந்ததைக் காட்டினார்கள். ஆங்கிலத்தில் வந்த விபத்து இது. துறைச்சொல் என்பது ஒத்த சொல்லை வைத்து நிரப்பும் இடமில்லை என்பது தமிழுக்கும் பொருந்தும்.

தவறின் வேர் பெரும்பாலும் குறிப்பெடுக்கும் நாளில் இருக்கிறது. எது மூலத்தின் சொல், எது தன் சொல் என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. அப்படியே எடுத்தால் மேற்கோள்குறி, சுருக்கி எழுதினால் 'சு', சொந்த எண்ணமென்றால் 'எ' என்று ஓரத்தில் போட்டுவிடுங்கள். கைபேசியில் பக்கத்தைப் படமெடுப்பவர்கள் நூலின் தலைப்புப் பக்கத்தையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

தமிழ் ஆய்வேடுகளில் நாம் அதிகம் பேசாத ஒன்று உண்டு. ஆங்கிலக் கட்டுரையின் பத்தியைத் தமிழாக்கிச் சொந்த எழுத்தாக வைப்பது பெரும்பாலும் எந்த அறிக்கையிலும் சிக்குவதில்லை. நெறியாளர் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இயலின் நடுவே திடீரென்று செயப்பாட்டு வினைகள் குவிந்து, தமிழ்நாட்டுக் களத்துக்குப் பொருந்தாத எடுத்துக்காட்டுகள் வந்தால், அந்தப் பத்தியின் மூலத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பது குற்றமில்லை. 'தமிழாக்கம்: ஆய்வாளர்' என்ற இரண்டு சொல்லும் மூலத்தின் பக்க எண்ணும் இருந்தால் அது முறையான மேற்கோள்.