டிஜிட்டல் ஃபீனோடைப்பிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

சட்டைப்பையில் சும்மா கிடக்கும்போதும் கைபேசி பலவற்றைக் குறித்துக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு நடந்தோம், எங்கெல்லாம் போனோம், யார் யாருக்குப் பேசினோம், இரவு எத்தனை மணிக்குத் திரையை அணைத்தோம் என்று எல்லாமே அதில் பதிவாகிறது. ஒருவரின் சம்மதத்தோடு இந்தப் பதிவுகளைத் திரட்டி, அவருடைய அன்றாட நடத்தையையும் மனநலத்தையும் அளக்க முயல்வதே 'டிஜிட்டல் ஃபீனோடைப்பிங்'. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் யுக்கா-பெக்கா ஒன்னேலாவும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2016 வாக்கில் இதற்கு வரையறை தந்தார்கள்.

பெயரின் பின்பாதியான 'ஃபீனோடைப்' என்பதற்கு வயது அதிகம். டென்மார்க்கின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோகான்சன் 1909-இல் அதை உருவாக்கினார். 'ஜீன்' என்ற சொல்லும் அவர் தந்ததுதான். 'காட்டு' என்று பொருள்படும் கிரேக்க வினையோடு 'வகை, அச்சு' என்னும் பொருளுள்ள பெயரைச் சேர்த்தார். பீன்ஸ் விதைகளை எடைபோட்டு எடைபோட்டு ஆராய்ந்தவர் அவர். ஆக, ஃபீனோடைப் என்பது ஓர் உயிரிடம் கண்ணுக்குத் தெரியும் பண்பு மட்டுமல்ல, அளந்து சொல்லக்கூடியதும்கூட. நம் பள்ளிப் பாடநூல்கள் 'புறத்தோற்றம்' என்கின்றன. விதைக்கு அது பொருந்தும். ஆனால் டிஜிட்டலுக்கு 'எண்ணிம' என்று வைத்து 'எண்ணிமப் புறத்தோற்றம்' என்று எழுதினால், வாட்ஸ்அப்பில் வைக்கும் முகப்புப் படத்தைச் சொல்கிறார்கள் போல என்றுதான் முதலில் தோன்றும்.

அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் 2013-இல் 48 மாணவர்களின் கைபேசிகளை 10 வாரம் இப்படிக் கவனித்தார்கள். அறை இருட்டு, சத்தமின்மை, அசையாத கைபேசி, பூட்டிய திரை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத் தூக்க நேரத்தைக் கணித்தார்கள். என்ன பேசினார்கள் என்பதை விட்டுவிட்டு, பேச்சு நடந்ததா என்பதை மட்டும் ஒலிவாங்கி வழியாக அறிந்தார்கள். மனச்சோர்வுக்கான கேள்வித்தாள் மதிப்பெண்ணோடு சில அளவுகள் ஒத்துப்போயின.

கல்லூரி மாணவர் கைபேசியை விட்டுப் பிரிவதில்லை, சரி. இதையே கேரளத்தின் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வைத்துப் பார்ப்போம். தென்னந்தோப்பில் கள் இறக்குபவர் போனை அடிமரத்தருகே சட்டையோடு சுருட்டி வைத்துவிட்டு ஏறுகிறார். காலையும் மாலையும் மரம் மரமாக ஏறி இறங்கும் அந்த மனிதரை, அசையாமல் உட்கார்ந்திருந்தவர் என்று போன் கணக்கெழுதும். வேலந்தாவளம் எல்லையோரத்தில் வீட்டுத் திண்ணையில் இருக்கும்போதே சில சமயம் தமிழ்நாட்டுக் கைபேசிக் கோபுரத்தின் சிக்னல் கிடைக்கும். கோபுரத்தை மட்டும் வைத்து இடத்தைக் கணித்தால், திண்ணையை விட்டு நகராத பாட்டி மாநிலம் தாண்டிப் போய் வந்தவராகிவிடுவார். பள்ளி விட்டதும் அந்தப் போன் பேரன் கைக்குப் போய்விடும் என்பது வேறு விஷயம். அப்புறம் பதிவாவது யாருடைய மனநலமோ!

உள்ளத்து உணர்வு வெளியே தெரிவதற்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று உண்டு: மெய்ப்பாடு. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன், அதாவது அது பிறக்கும் இடம், தருகிறது. அழுகை இளிவாலும் (இகழப்படுவதாலும்) வரும், இழவாலும் (இழப்பாலும்) வரும், அசைவாலும் (தளர்ச்சியாலும்) வறுமையாலும் வரும். அழுகிறார் என்று கண்டதோடு விஷயம் முடிவதில்லை, எதனால் என்று கேட்டாக வேண்டும். கைபேசி ஆய்வுக்கும் இந்தக் கேள்வி அப்படியே பொருந்துகிறது. ஒருவர் நான்கு நாளாக வீட்டைவிட்டு நகரவில்லை என்றால் மனச்சோர்வாக இருக்கலாம், காய்ச்சலாக இருக்கலாம், விடாத மழையாக இருக்கலாம். அதனால்தான் நல்ல ஆய்வுகளில் தானாகச் சேரும் பதிவுகளோடு நிறுத்தாமல், 'இப்போது எப்படி இருக்கிறீர்கள்?' என்று அவ்வப்போது ஆளையும் கேட்கிறார்கள்.

அப்படியானால் 'எண்ணிம மெய்ப்பாடு' என்று வைத்துவிடலாமே என்று ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் மெய் என்பது உடம்பு. கைபேசி காண்பதோ ஆளை அல்ல, தன் அசைவைத்தான். 'எண்ணிமத் தடம்' என்பதும் சரிவராது, இணையத்தில் நாம் விட்டுச்செல்லும் சுவடுகளுக்கு அது ஏற்கெனவே வழங்குகிறது.

என் பரிந்துரை 'கைபேசிவழி நடத்தை அளவீடு'. கைக்கடிகாரம், மோதிரம் போன்ற கருவிகளும் சேரும் இடத்தில் 'கருவிவழி நடத்தை அளவீடு' என்று மாற்றிக்கொள்ளலாம். கொஞ்சம் நீளம்தான். ஆனால் ஒப்புதல் படிவத்தில் இப்படி இருந்தால், கையெழுத்துப் போடுபவருக்கு எதை அளக்கப் போகிறார்கள் என்பதாவது புரியும்.