துப்பாக்கிக் கட்டையின் விலையில் மரத்தின் பங்கு எவ்வளவு?

குறிபார்த்துச் சுடும் விளையாட்டு வீரர்கள் தங்கள் ரைஃபிளின் குழலையும் விசையையும் தாங்கித் தோளில் அமரும் பாகமான கட்டையை லேமினேட் மரத்தில் செய்து தரக் கேட்டு வரும்போது, வெளிநாட்டுத் தயாரிப்பாளர் ஒருவரின் விலைப்பட்டியலையும் கையோடு கொண்டுவருவது வழக்கமாகிவிட்டது. அந்த விலையையும் உள்நாட்டுப் பட்டறை சொல்லும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மரம்தானே, இதற்கா இவ்வளவு?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பட்டியலில் இருப்பது தொழிற்சாலை வாசலில் நிற்கும் கட்டையின் விலை. பட்டறை சொல்வதோ உரியவரின் தோளில் பொருந்தி, குழல் எங்கும் உரசாமல், திருகுகள் சரியான இறுக்கத்தில் அமர்ந்த கட்டையின் விலை. இந்த இரண்டு விலைகளும் எப்படி உருவாகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், எதை எங்கே வாங்குவது என்பதை வாங்குபவரே முடிவு செய்துவிடலாம்.

முதலில் பொருளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். லேமினேட் கட்டை என்பது மெல்லிய மரத்தகடுகளைப் பசையிட்டு அழுத்தி ஒரே பலகையாக்கி, அதிலிருந்து செதுக்கி எடுப்பது. தொழிற்சாலைகளில் பெரும்பாலும் பிர்ச் மரத்தின் ஏறக்குறைய 1.5 மி.மீ. கனமுள்ள வெனீர் தகடுகளைச் சாயமேற்றிப் பயன்படுத்துகிறார்கள். சாதாரண ஒட்டுப்பலகையில் ஒரு தகட்டின் நார் ஓட்டம் அடுத்த தகட்டுக்குக் குறுக்காக இருக்கும். துப்பாக்கிக் கட்டைக்கான பலகையிலோ எல்லாத் தகடுகளின் நாரும் பெரும்பாலும் நீளவாக்கில் ஒரே திசையில் செல்லும். ஜெர்மனி தன் 98கே ராணுவ ரைஃபிளுக்கு 1937 முதல் லேமினேட் கட்டைகளைப் பொருத்தத் தொடங்கியது. ஒற்றை மரத்தைப் போல ஆண்டுக்கணக்கில் உலர விட வேண்டியதில்லை, திருகிக்கொள்வது குறைவு, செலவும் குறைவு என்பவை அதற்கான காரணங்கள். அன்று மலிவுக்காகத் தேர்ந்தெடுத்த பொருள் இன்று தனிப்பயன் வேலையில் விலை உயர்ந்ததாகத் தெரிவதற்குக் காரணம், மலிவு என்பது எண்ணிக்கையோடு வருவது என்பதே.

லேமினேட் கட்டைக்கு ஈரமே ஏறாது என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அது உண்மையன்று. ஒற்றை வால்நட் மரத்தில், குழலுக்குக் கீழே நீளும் 5 செ.மீ. அகலமுள்ள முன்கட்டையின் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால், மரத்தின் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் அதன் அகலம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் மாறும். லேமினேட்டிலும் மரம் மரமாகவே இருப்பதால் ஓரளவு வீக்கமும் சுருக்கமும் நிகழவே செய்யும். ஆனால் ஒவ்வொரு தகடும் தனித்தனிப் பக்கம் இழுப்பதால் அந்த இழுவைகள் ஒன்றையொன்று சமன் செய்து, கட்டை ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்வது பெருமளவு தவிர்க்கப்படுகிறது. குழலைத் தொடாமல் நிற்க வேண்டிய முன்கட்டைக்கு இந்த ஒரு குணமே போதும். பதிலுக்கு எடை கூடும். பசையும் அடர்த்தியான மரமும் சேர்ந்து, அதே வடிவ வால்நட் கட்டையைவிட இருநூறு முந்நூறு கிராம் அதிகமாவது சகஜம். 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு 5.5 கிலோ என்ற உச்சவரம்பு இருப்பதால், அந்தப் போட்டிக்குச் செய்பவர்கள் வடிவம் வரையும் கட்டத்திலேயே எடையைக் கணக்கிட்டாக வேண்டும்.

உள்நாட்டில் செய்வதில் முதல் இடறல் பலகையை ஒட்டுவதில்தான் இருக்கிறது. மர வேலை தெரிந்தவர்கள்கூட இதைக் குறைவாக மதிப்பிடுகிறார்கள். ரெசார்சினால் வகைப் பசையைக் கடினமரத்தில் பயன்படுத்தும்போது ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 10 கிலோவுக்கு மேல் அழுத்தம் தேவைப்படுகிறது. 90 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள பலகையின் பரப்பு 1,800 சதுர செ.மீ.; சதுர செ.மீ.க்கு 12 கிலோ என்று வைத்தால் மொத்தம் 21 டன்னைத் தாண்டுகிறது. கையால் இறுக்கும் கிளாம்ப்களை வரிசையாகப் பூட்டி இந்த அழுத்தத்தைச் சீராகக் கொடுப்பது கடினம். ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். அது இல்லாத சிறு பட்டறைகள் இரு திரவங்களைக் கலந்து கெட்டியாக்கும் எப்பாக்சிப் பசையை நாடுகின்றன, ஏனெனில் அதற்குத் தகடுகள் ஒன்றையொன்று தொடும் அளவு அழுத்தமே போதும். ஆனால் அறை வெப்பத்தில் கெட்டிப்பட்ட எப்பாக்சிகளில் பல 50 முதல் 70 டிகிரி செல்சியஸுக்குள் இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய மூடிய காருக்குள் அந்த வெப்பம் எளிதில் வந்துவிடும். ஒட்டிய பிறகு பலகையை மிதமான சூட்டில் வைத்துப் பதப்படுத்தினால் அந்த வரம்பு உயரும். அதற்குச் சூடேற்றும் அறை ஒன்றும் கூடுதல் நாளும் தேவை. மேசை நாற்காலிக்குப் பயன்படும் வெள்ளைப் பசை தொடர்ந்த சுமையில் மெல்ல நழுவும் இயல்புடையது என்பதால் இந்த வேலைக்கு அது பொருந்தாது. தேக்கில் செய்ய விரும்புகிறவர்களும் உண்டு. தேக்கில் உள்ள எண்ணெய், பசை பிடிப்பதைத் தடுக்கும் என்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன் ஒவ்வொரு தகட்டையும் அசிட்டோனால் துடைக்க வேண்டும். அதுவும் கூலிக் கணக்கில் சேரும்.

வெனீர் கிடைக்காத இடத்தில், பலகையை ரம்பத்தில் கீறித் தகடுகளாக்குகிறோம். 5 மி.மீ. தகடு எடுக்க வட்ட ரம்பம் 3 மி.மீ. மரத்தைத் தூளாக்கும், இருபுறமும் இழைப்பதில் இன்னும் கொஞ்சம் போகும். ஆக, வாங்கிய மரத்தில் பாதிதான் தகடாகிறது. சுற்றிலும் உரித்தோ சீவியோ எடுக்கும் தொழிற்சாலை வெனீருக்கு இந்தச் சேதாரம் இல்லை. பசையின் கணக்கு இதற்கு நேர் எதிர். 5.5 செ.மீ. கனமுள்ள பலகைக்கு 1.5 மி.மீ. வெனீர் என்றால் ஏறக்குறைய 36 தகடுகள், 35 பசைக் கோடுகள். சதுர மீட்டருக்கு 200 கிராம் என்ற அளவில் 90க்கு 20 செ.மீ. பலகை ஒன்றுக்கு ஒன்றேகால் கிலோ எப்பாக்சி பிடிக்கும். 5 மி.மீ. தகடு என்றால் 10 கோடுகள், சுமார் 360 கிராம். இப்படி ஒட்டிய பலகை 7 கிலோவைத் தாண்டும்; அதிலிருந்து வெளிவரும் கட்டையோ ஒன்றேகால் கிலோ அளவில்தான் இருக்கும். அகலம் சற்றுக் கூட்டி, தலைகீழாக இரண்டு கட்டைகளை ஒரே பலகையில் அடக்கினால் சேதாரம் குறையும் என்றாலும், ஒரே ஒரு கட்டை கேட்டு வருபவரின் வேலையில் அந்தச் சேமிப்புக்கு இடமில்லை.

இத்தனைக்குப் பிறகும், முழு விலையில் மரமும் பசையும் சிறு பகுதிதான். பெரும்பகுதி நேரம். ஒரு குறிப்பிட்ட ரைஃபிளின், தோட்டாவைக் குழலில் ஏற்றிப் பூட்டும் பகுதியான ஆக்‌ஷன், தோட்டாக்களை வைக்கும் மேகசின், விசைப் பகுதி ஆகியவை உட்கார வேண்டிய குழிவுகளை அளந்து, கணினியில் மாதிரி வரைந்து, கணினி கட்டுப்படுத்தும் சிஎன்சி இயந்திரத்தில் பலகையைப் பிடிக்கும் சட்டத்தைச் செய்து முடிக்க 20 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே கட்டை செய்தால் 20 மணி நேரமும் அதன் தலையில் விழும். 50 கட்டைகள் செய்தால் ஒன்றுக்கு 24 நிமிடம். வெளிநாட்டுத் தயாரிப்பாளரின் விலை குறைவாக இருப்பதன் ரகசியம் பெரும்பாலும் இந்த ஒரு வகுத்தல் கணக்கில் அடங்கிவிடுகிறது. அவருடைய தொழிலாளி மலிவானவர் அல்லர், மரமும் மலிவானதன்று. இயந்திரம் செதுக்கியபின் வரும் உப்புத்தாள் வேலை, திருகுத் துளைகளுக்கு அலுமினியக் குழாய்த் தூண்கள் வைத்து எப்பாக்சியில் ஆக்‌ஷனுக்கு இருக்கை அமைக்கும் பெட்டிங் வேலை, நாளுக்கு ஒரு பூச்சாக ஏறும் எண்ணெய்ப் பூச்சு ஆகியவற்றில் எண்ணிக்கை பெரிதாக உதவாது. அவை எங்கும் கைவேலைதான்.

விலை சொல்லும்போது பட்டறைக்காரர்கள் விட்டுவிடும் இரண்டு செலவுகள் உண்டு. ஒன்று, தோல்வியடையும் பலகைகள். பத்தில் ஒன்று பசை விட்டுப் பிரிந்தால், மீதி ஒன்பதின் விலையும் 11 சதவீதம் உயர்ந்தாக வேண்டும். அதைச் சேர்க்காதவர் அடுத்த முறை பிரிந்த பலகையைப் பசை ஊற்றி மறைத்துக் கொடுக்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். மற்றது தூசு. பசைக் கோடுகள் வெட்டுமுனைகளை விரைவில் மழுக்குவதால் கார்பைடு முனைகள் தேவைப்படுகின்றன. கிளம்பும் தூசு மரத்தூசும் பிசினும் கலந்தது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் முதல் வகைப் பொருளாக 1995இல் வகைப்படுத்தியது. தூசு உறிஞ்சும் கருவியும் தரமான முகக்கவசமும் இல்லாத பட்டறையின் விலை குறைவாக இருந்தால், அந்தக் குறைவை வேலை செய்பவர் தன் நுரையீரலிலிருந்து கொடுக்கிறார் என்றே பொருள்.

இனி இறக்குமதி. பட்டியல் விலையை 100 என்று கொள்வோம். கட்டையின் எடை ஒன்றரை கிலோ என்றாலும் கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் கன அளவையும் பார்க்கின்றன. 90, 25, 12 செ.மீ. பெட்டியின் கன அளவை வழக்கமான 5,000 என்ற எண்ணால் வகுத்தால் 5.4 கிலோ வருகிறது, கட்டணம் அதற்குத்தான். சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்து 30 என்றால் அடக்கம் 130. பல நாடுகளில் சுங்க வரி இந்த 130இன் மீதே விதிக்கப்படுகிறது; எடுத்துக்காட்டுக்காக 10 சதவீதம் என்றால் 143. அதன்மேல் உள்நாட்டு விற்பனை வரி 18 சதவீதம் என்று கொண்டால் 168 முக்காலுக்கு அருகில் வருகிறது. வரிக்கு வரி விழுவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. இதோடு முகவர் கட்டணம், கிடங்கில் தேங்கினால் வாடகை, பணம் அனுப்பும் நாளின் நாணய மாற்று விகிதம் ஆகியவையும் உண்டு. வந்து சேரும் கட்டை பெரும்பாலும் முழுதாக முடிந்ததாகவும் இருப்பதில்லை; உள்குழிவுகள் தொண்ணூறு சதவீதம் வெட்டப்பட்டு, மீதியைப் பொருத்துபவர் முடிக்க வேண்டிய நிலையில் வரும். அந்த வேலைக்கு அதே உள்நாட்டுப் பட்டறையிடம்தான் வர வேண்டியிருக்கிறது. குழலின் கனமோ இடக்கை வலக்கை அமைப்போ மாறி வந்துவிட்டால், திருப்பி அனுப்பும் செலவும் கட்டிய வரியைத் திரும்பப் பெறும் அலைச்சலும் கட்டையின் விலையையே விழுங்கிவிடும்.

சட்டத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும். உலகச் சுங்கப் பெயரிடல் முறையில் துப்பாக்கிகளின் பாகங்களும் துணைப்பொருள்களும் 9305 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. மரத்தால் ஆனது என்பதற்காகக் கட்டையை மரச்சாமான் என்று அறிவிக்கச் சொல்லும் விற்பனையாளரின் பேச்சைக் கேட்கவே கூடாது. தவறான அறிவிப்பு பறிமுதலிலும் வழக்கிலும் முடியும். கட்டையை உரிமம் தேவைப்படும் பாகமாகக் கருதும் நாடுகளும் உண்டு, கருதாத நாடுகளும் உண்டு. கட்டைவிரல் நுழையும் துளையுள்ள கட்டையும் மடங்கும் கட்டையும் சில இடங்களில் தனிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. முன்பணம் கட்டுவதற்கு முன் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வதே முறை. அலங்காரத்துக்கு ஈட்டி மரம் சேர்த்த கட்டை என்றால், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில், முதல் பட்டியலில் உள்ள பிரேசில் ஈட்டி நீங்கலாக ஈட்டி வகைகள் அனைத்தும் 2017 ஜனவரி முதல் இரண்டாம் பட்டியலில் இருப்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உள்நாட்டு வேலையிலும் கவனம் தேவை: உரிமம் இல்லாத பட்டறையில் துப்பாக்கியை விட்டுச் செல்வது பல நாடுகளில் குற்றம். உரியவர் உடனிருக்க அளவெடுப்பதும், சுட இயலாத போலி ஆக்‌ஷனை வைத்துக் குழிவு வெட்டுவதும் இதற்கான வழிகள்.

இரண்டு வழிகளுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று இருக்கிறது. என் அனுபவத்தில் பலருக்கு அதுவே பொருந்துகிறது. ஒட்டிய பலகையை மட்டும் தொழிற்சாலையிலிருந்து வாங்கி, செதுக்குவதையும் பொருத்துவதையும் உள்ளூரில் செய்துகொள்வது. ஒட்டும் வேலையில் தொழிற்சாலையின் பிரஸ்ஸை வெல்வது கடினம். பொருத்தும் வேலையில் தோளையும் கன்னத்தையும் நேரில் பார்ப்பவரை வெல்வது அதைவிடக் கடினம். ஆனாலும் ஒரே மூலத்தை நம்பியிருப்பதில் ஆபத்து உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருந்த ரட்லண்ட் பிளைவுட் தொழிற்சாலை 2014 ஆகஸ்டில் தீக்கிரையானபோது, அதன் பலகைகளை நம்பியிருந்த துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் மாற்று வழி தேட வேண்டியதாயிற்று. எனவே பலகையை இறக்குமதி செய்யும் பட்டறை சில பலகைகளைக் கையிருப்பில் வைத்திருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும், செலவு அனைத்தும் ஒரே எண்ணாக வரும் மதிப்பீட்டை ஏற்க வேண்டாம். பலகை, மாதிரி வரைதல், செதுக்குதல், பெட்டிங், பூச்சு ஆகியவை தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். இரண்டாவது கட்டை கேட்டால் மாதிரி வரைதலுக்கான தொகை மறுபடி வராது என்பதும் அதில் எழுதப்பட வேண்டும். பசையின் வகையைக் கேட்டு, பலகையிலிருந்து அறுத்து விழுந்த துண்டு ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். அதை ஒரு நாள் நீரில் ஊறவைத்து, உலர்த்தி, பசைக் கோட்டில் உளியை வைத்துப் பிளந்து பார்த்தால் நார் பிய்ந்து வர வேண்டும். கோடு வழுவழுப்பாகப் பிரிந்தால் அந்தப் பலகையில் செதுக்கத் தொடங்கவே விடக்கூடாது. தோள் முனையிலிருந்து விசை வரையுள்ள நீளம், கன்னம் படும் மேட்டின் உயரம், எதிர்பார்க்கும் எடை ஆகிய மூன்றையும் எண்களாக எழுதி இருவரும் கையெழுத்திட்டு, முன்பணத்தில் பலகைக்கான தொகையை மட்டும் கொடுத்து, மீதியை ரைஃபிளில் பொருத்திப் பார்த்தபின் கொடுப்பதாக ஒப்புக்கொள்வது இரு தரப்புக்கும் பாதுகாப்பானது.