பால் தாங்காமை

குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் 'ஃபீட் இன்டாலரன்ஸ்' என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறார்; கொடுக்கும் பாலைக் குழந்தையின் வயிறு இன்னும் தாங்கவில்லை என்று பொருள். பெற்றோர் கைக்கு வரும் தாளில் அது 'பால் ஒவ்வாமை' ஆகிவிடுகிறது. இன்னும் சில தாள்களில் 'உணவு சகிப்பின்மை'. பின்னது வெறும் அபத்தம், படிப்பவர் சிரித்துவிட்டுப் போகலாம். முன்னது அப்படியல்ல. அதை நம்பித் தாய் பால் எடுப்பதை நிறுத்திவிடுகிறாள்.

சொற்பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'டாலரன்ஸ்' லத்தீன் 'டொலெராரே'யிலிருந்து வந்தது. பொருள் சுமத்தல், தாங்குதல். 'அலர்ஜி' 1906-இல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்க்கே கிரேக்க வேர்களைக் கொண்டு உருவாக்கியது. 'அல்லோஸ்' என்றால் வேறு, 'எர்கோன்' என்றால் செயல். நம் 'ஒவ்வாமை' ஒவ்வு என்ற வினையின் எதிர்மறை: பொருந்தாமை, ஒத்துப்போகாமை. உடலின் எதிர்ப்பாற்றல் ஒரு பொருளைப் பகையாகக் கருதிப் பாய்வதற்கு இதைவிட நல்ல தமிழ் கிடைக்காது. அந்த வேலையோடு இந்தச் சொல்லை விட்டுவைத்திருக்கலாம்.

இப்போது 28 வாரத்தில் பிறந்த, ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் வயிற்றில் என்ன நடக்கிறது? உறிஞ்சி, விழுங்கி, இடையில் மூச்சும் விடும் ஒழுங்கு, கர்ப்பக் கணக்கில் 34 வாரத்தை ஒட்டித்தான் கைகூடும். அதனால் வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ இரைப்பைக்குள் மெல்லிய குழாய் போட்டிருப்பார்கள். குடல் அலையலையாகச் சுருங்கி, உள்ளே இருப்பதைக் கீழே தள்ளும் ஒழுங்கும் 32–34 வாரத்தில்தான் அமையத் தொடங்கும். அதுவரை பால் இரைப்பையில் தேங்கும், வயிறு உப்பும், சில நேரம் வாந்தி வரும். பாலில் ஒரு குற்றமும் இல்லை. குடலுக்கு வயது வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே அளவு பார்த்துக் கொடுக்கிறார்கள். தொடக்கத்தில் கிலோவுக்கு ஒரு நாளில் 10 முதல் 20 மில்லி. ஒரு கிலோ குழந்தைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்றால், தடவைக்கு ஒன்று, ஒன்றரை மில்லி. சிரிஞ்சிலிருந்து தண்டை உருவிவிட்டு, குழாயில் மாட்டி, குழந்தையின் மட்டத்துக்கு மேலே பிடித்தால் பால் தன் எடையிலேயே இறங்கும்; அழுத்தித் தள்ளக் கூடாது. நன்றாக இறங்கினால் நாளுக்கு நாள் கிலோவுக்கு 20–30 மில்லி கூட்டுவார்கள். இந்தக் காலத்தில் மீதிச் சத்து நரம்பு வழியாகப் போகும்.

இந்தப் பிரிவுகளின் நர்ஸ்களுக்கு இதைச் சொல்ல அகராதி தேவைப்படவில்லை. "ரெண்டு மில்லி தாங்குது, நாலு மில்லி தாங்கல" என்பார்கள். 'டொலெராரே'க்கு இதைவிட நேரான தமிழ் எது? அதில் அளவு இருக்கிறது, நேரமும் இருக்கிறது: இன்று தாங்காதது நாளை மறுநாள் தாங்கும். 'ஒவ்வாது' என்பதில் இரண்டும் இல்லை. ஒவ்வாத பொருள் ஒரு சொட்டானாலும் ஒவ்வாதுதான். 'தாங்கவில்லை' என்றால் 'எவ்வளவு?' என்று கேட்கத் தோன்றும். 'ஒவ்வவில்லை' என்றால் 'வேறு எது?' என்று கேட்கத் தோன்றும். அந்த 'வேறு எது'வுக்குக் கடையில் தயாராக இருக்கும் பதில் மாவுப்பால் டப்பா.

சிக்கலே அங்கேதான். குறைமாதக் குழந்தையின் இரைப்பையிலிருந்து மாவுப்பாலைவிடத் தாய்ப்பால் சீக்கிரம் இறங்கும். குடல் திசுவே செத்துப்போகும் கொடிய நோய் ஒன்று உண்டு, பிரிவுகளில் 'நெக்' என்பார்கள்; மாவுப்பாலில் அதன் அபாயம் கூடுகிறது, தாய்ப்பாலில் குறைகிறது. 'உன் பால் பிள்ளைக்கு ஒவ்வவில்லை' என்று கேட்ட தாய் எடுப்பதை நிறுத்தினால் சில நாட்களில் சுரப்பு சரிகிறது. குழந்தை மீண்டும் 2 மில்லி தாங்கத் தொடங்கும்போது கொடுக்க அவளிடம் பால் இருக்காது. குழந்தைக்குப் பால் நிறுத்தப்பட்டிருக்கும் நாட்களிலும் இரவு உட்பட இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு எட்டுத் தடவைக்குக் குறையாமல் பால் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எடுத்ததைத் தேதியும் நேரமும் எழுதி ஒட்டி உறைபெட்டியில் வைக்கலாம். அப்படியும் போதாவிட்டால் அடுத்த வழி தாய்ப்பால் வங்கி. ஆசியாவின் முதல் வங்கி 1989-இல் மும்பை சயானில் தொடங்கியது. அங்கே தானப்பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிக் கொடுப்பார்கள். மாவுப்பால் அதற்கும் பிறகுதான்.

உண்மையான ஒவ்வாமை இல்லையா? இருக்கிறது. பசும்பால் புரத ஒவ்வாமை உண்டு. அப்போதுகூடத் தாய் தன் சாப்பாட்டில் பால், தயிர், மோரை விலக்கிவிட்டுத் தாய்ப்பாலைத் தொடர முடியும். பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காத நிலை வேறு. அது நொதிக் குறைவு. காலக்டோசீமியா என்ற அரிய பிறவிக் கோளாறிலோ தாய்ப்பாலை அடியோடு நிறுத்தியாக வேண்டும். நான்கு கோளாறு, நான்கு மருத்துவம். நம் தாள்களில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், 'பால் ஒவ்வாமை'.

'செரியாமை', 'அஜீரணம்' என்பவர்களும் உண்டு. கேட்கச் சாதுவான சொற்கள். ஆனால் அஜீரணம் என்று காதில் விழுந்ததும் பாட்டியின் கை ஓமத் தண்ணீருக்கும் வசம்புக்கும் போகும். குறைமாதக் குழந்தையின் வாயில் அவை படவே கூடாது. தவிர, இங்கே முதல் குறை பாலைச் சிதைப்பதில் இல்லை, நகர்த்துவதில். 'சகிப்பின்மை'யைப் பற்றி என்ன சொல்ல? மதச் சண்டைச் செய்திகளில் அடிபடும் சொல்லை ஒரு கிலோ சிசுவின் தலையில் கட்டுகிறார்கள். 'ஏலாமை' எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் ஈழத் தமிழில் 'ஏலாது' என்றாலே முடியாது என்றுதான் பொருள். 'பால் ஏலாது' என்றால் யாருக்கு எது முடியாது என்ற குழப்பம் மிஞ்சும். தாங்காமையே போதும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. 'தாங்காமை' நோயின் பெயரல்ல, அறிகுறியின் பெயர். மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தி மூச்சுக்கு உதவும் சீபேப் கருவியில் இருக்கும் குழந்தை காற்றை விழுங்கி வயிறு உப்பும். தொட்டால் மெத்தென்று இருக்கும். பால் கொடுக்காத நேரத்தில் குழாயைத் திறந்து வைத்தால் காற்று வெளியேறும். பிறந்த குழந்தையின் முதல் மலமான கருமலம் வெளியேறாமல் அடைத்திருக்கலாம். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் குடல் சோம்பிப்போகும். கிருமித் தொற்றின் முதல் அடையாளமாகவும் இது வரலாம். அதனால் தொப்புளை ஒட்டி, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், டேப் வைத்து வயிற்றுச் சுற்றளவு பார்ப்பார்கள், 2 செ.மீ. கூடினால் டாக்டர் வந்து பார்க்க வேண்டும். குழாயில் பச்சை நிறம், மலத்தில் ரத்தம், வயிற்றுத் தோல் விறைத்துப் பளபளப்பது, மூச்சு விட்டுவிட்டு வருவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் பால் உடனே நிற்கும், எக்ஸ்ரே எடுக்கப்படும். குடல் சுவருக்குள் காற்று தெரிந்தால் அது 'நெக்'. இதற்கும் 'குடல் அழற்சி' என்று தாளில் எழுதிவைக்கிறார்கள். ஏதோ வயிற்றுப் புண் என்றுதான் படிப்பவர் நினைப்பார். 'குடல் திசு இறப்பு' என்று நேராக எழுதுவதில் என்ன தயக்கம்?

மொழிபெயர்ப்பாளர்கள் மீதான கோபம் இத்தோடு தீரவில்லை. இரைப்பையில் மீந்திருக்கும் பாலுக்கு 'இரைப்பை எச்சம்' என்று எழுதுகிறார்கள். எச்சம் என்றதும் இலக்கணம் படித்தவருக்குப் பெயரெச்சம், மற்றவருக்குக் காக்கை. 'மீந்த பால்' என்றால் என்ன குறைந்துவிடும்? ஒவ்வொரு முறையும் அதை உறிஞ்சி அளப்பதைப் பல பிரிவுகள் இப்போது விட்டுவிட்டன. வெள்ளையாகவோ தெளிவாகவோ கொஞ்சம் மீந்திருப்பது தனியே ஆபத்தில்லை. அதைப் பார்த்துப் பாலை நிறுத்தினால் முழு அளவை எட்டுவதுதான் தள்ளிப்போகும். 'கறந்த தாய்ப்பால்' என்பது இன்னொன்று. மாட்டைத்தான் கறப்பார்கள். எடுத்த பால், பீய்ச்சிய பால் என்று வீட்டில் சொல்வதையே எழுதலாம்.

'ஃபுல் ஃபீட்'டுக்கு 'முழு உணவு' என்கிறார்கள். ஒரு நாளில் கிலோவுக்கு 150 மில்லி, அதாவது அந்த ஒரு கிலோ குழந்தைக்கு இரண்டு மணிக்கொரு முறை 12 மில்லிக்குச் சற்றுமேல் என்பதே அதன் பொருள். 'முழு உணவு வந்துவிட்டது' என்று கேட்ட அப்பா, குழந்தை வாயால் குடிக்கிறது என்று ஊருக்குப் போன் போட்டுவிடுவார். குழாய் இன்னும் எடுக்கப்பட்டிருக்காது. 'முழுப்பால் அளவு, குழாய் வழியாக' என்று எழுதினால் தாளில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.