நள்ளிரவில் கேட்கப்படும் இரண்டு கேள்விகள்

இரவு இரண்டு மணியளவில் நெஞ்சுவலியோடு வந்த ஒரு விசைத்தறித் தொழிலாளிக்கு இ.சி.ஜி. எடுத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய மகன் என்னிடம் ஒரே மூச்சில் கேட்டார்: "நீங்க ஹார்ட் டாக்டரா சார்? முதலமைச்சர் கார்டு இங்க செல்லுமா?" அவசர சிகிச்சைப் பிரிவில் பணிக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டு வருகிறேன். ஏதோ தவறு செய்வதுபோலத் தயங்கித் தயங்கித்தான் பெரும்பாலானோர் கேட்கிறார்கள். இரண்டுமே கேட்க வேண்டிய கேள்விகள். ஒன்றின் பதில் மற்றொன்றோடு பிணைந்திருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

அன்று எங்களிடம் வருவதற்கு முன்பு அவர்கள் வேறொரு மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். அதன் வாசலில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டப் பலகை இருந்தது. உள்ளே சேர்த்து, காகிதங்கள் எழுதி, ஒன்றரை மணி நேரம் கழிந்த பிறகே, அந்த மருத்துவமனைக்குத் திட்டத்தில் எலும்பு முறிவுச் சிகிச்சைக்கு அனுமதி உண்டு, இதயச் சிகிச்சைக்கு இல்லை என்பது தெரியவந்தது. மாரடைப்பில் அடைபட்ட இரத்தக் குழாயைத் திறக்க ஆகும் ஒவ்வொரு நிமிடத்திலும் இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாக இறந்துகொண்டிருக்கும் என்பதால், அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பிறகு எந்த அட்டையாலும் ஈடுசெய்ய முடியாது.

முதல் கேள்விக்கு வருகிறேன். நான் இதய மருத்துவன் அல்லன். அவசர மருத்துவத்தில் எம்.டி. முடித்தவன். இந்தியாவில் இத்துறையை அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சில் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றது 2009இல்தான் என்பதால், எங்கள் பட்டத்தைப் பற்றி மக்களுக்குத் தெரியாதது வியப்பில்லை. எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு மூன்றாண்டுகள் படித்துப் பெறும் எம்.டி. அல்லது தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. ஆகியவை இத்துறையில் அங்கீகரிக்கப்பட்ட முதுநிலைத் தகுதிகள். தனியார் மருத்துவமனைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் பயிற்சிகளும் உண்டு. அவை அங்கீகாரப் பட்டியலில் இல்லை. ஆனாலும் அந்த வழியில் வந்த நண்பர்கள் சிலரின் கைத்திறனை நான் நேரில் பார்த்து மதித்திருக்கிறேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். திறமை வேறு, சட்டம் ஏற்கும் தகுதி வேறு. இதயத் துடிப்பு நின்றவரை மீட்கும் மேம்பட்ட உயிர்காப்புச் சிகிச்சை தொடர்பான ஏ.சி.எல்.எஸ். போன்றவை சில நாள் பயிற்சிகள். இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய சான்றிதழ்கள். அவை எங்களுக்குத் தேவைதான் என்றாலும், பெயர்ப்பலகையில் பட்டம்போல் எழுதிக்கொள்ளத் தக்கவை அல்ல.

2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் இதில் தெளிவாகவே இருக்கின்றன. மாநில மருத்துவக் கவுன்சில் வழங்கிய பதிவு எண்ணை மருத்துவர் தம் மருத்துவகத்திலும், மருந்துச் சீட்டிலும், சான்றிதழிலும், பண ரசீதிலும் காட்ட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பட்டங்களையோ, மருத்துவ அறிவைத் தரும் அல்லது தனிச் சாதனையை ஏற்கும் சான்றிதழ், பட்டயம், உறுப்பினர் தகுதி போன்றவற்றையோ மட்டுமே பெயருக்குப் பின்னால் போட வேண்டும். உரிய சிறப்புத் தகுதி இல்லாமல் சிறப்பு மருத்துவர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம். ஆனால் மூச்சுத் திணறும் நோயாளியின் தலைமாட்டில் நின்றுகொண்டு அதைச் செய்யாதீர்கள். வீட்டருகே உள்ள மருத்துவமனைகளில் இரவுப் பணியில் யார் இருக்கிறார்கள், அவர்களின் தகுதி என்ன என்பதை உடல் நலமாக இருக்கும் ஒரு நாளில் விசாரித்து வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

இரண்டாவது கேள்வி அட்டையைப் பற்றியது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கியது. பின்னர் பிரதம மந்திரி மக்கள் ஆரோக்கியத் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு தருகிறது. திட்டத்தில் சேர்வது மருத்துவமனையே ஒழிய, தனிப்பட்ட மருத்துவர் அல்லர். ஆகவே "டாக்டர், நீங்க கார்டு எடுப்பீங்களா?" என்று என்னைக் கேட்பதில் பயனில்லை. மருத்துவமனைக்கான அனுமதியும் துறைவாரியாகவே கிடைக்கிறது. அந்தத் துறையில் தகுதி பெற்ற மருத்துவரும் உரிய கருவிகளும் இருந்தால்தான் அத்துறைக்கு அனுமதி. எனவே "இந்த நோய்க்கு இங்கே கார்டு செல்லுமா?" என்று கேட்கும்போதே, அந்த நோயைப் பார்க்கத் தகுதியுள்ளவர் அங்கே இருக்கிறாரா என்பதையும் பாதி விசாரித்தவராகிவிடுகிறீர்கள். வாசல் பலகையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாமல், துறையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

திட்டத்தில் பட்டியலிடப்பட்ட சிகிச்சைகளுக்கே பணம் கிடைக்கும். அவசரப் பிரிவில் சில மணி நேரம் படுக்க வைத்து, ஊசி போட்டு, வீட்டுக்கு அனுப்பும் பல தொல்லைகள் அந்தப் பட்டியலில் வராது. இதைச் சொல்லும்போதுதான் எங்களோடு அதிகம் சண்டை வருகிறது. பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு முன்பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யலாம்.

சாலை விபத்து என்றால் கணக்கே வேறு. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், வருமானம் எவ்வளவானாலும், காப்பீட்டு அட்டையே இல்லாவிட்டாலும், திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அட்டையை எடுத்து வர ஆளை ஊருக்கு அனுப்பிவிட்டு அடிபட்டவரோடு சாலையோரம் காத்திருந்த குடும்பத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

எந்த நோயானாலும், முதலில் உயிரைக் காக்கும் சிகிச்சை, பிறகுதான் காகிதம். பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989லேயே இதை அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் கடமையாக்கிவிட்டது. அட்டையைத் தேடுகிறோம் என்று சொல்லும் உறவினரிடம், குடும்ப அட்டை எண் இருந்தாலே காப்பீட்டு விவரத்தைக் கணினியில் தேட முடியும் என்று நான் சொல்வதுண்டு.

அன்று வந்தவருக்கு எங்கள் இதய மருத்துவர் விடிவதற்குள், அடைபட்ட இரத்தக் குழாயைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சையைச் செய்துவிட்டார். மூன்றாம் நாள் மகன் குடும்ப அட்டை நகலோடு என்னைத் தேடி வந்தார். போன ஆண்டு திருமணமான தம் மனைவியின் பெயர் அதில் இல்லை, அவளுக்கும் இந்தக் காப்பீடு உண்டா என்று கேட்டார். குடும்ப அட்டையில் முதலில் பெயரைச் சேர்த்துவிட்டு, ஆதாரையும் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகச் சொன்னேன். மனைவிக்கு ஐந்து மாதம் என்றும், பிரசவத்துக்குள் கிடைத்துவிடுமா என்றும் கேட்டார். திங்கட்கிழமையே போகச் சொல்லி அனுப்பினேன்.