சாட்சியம் பதிவு செய்பவர்களுக்கு

போர்க்குற்றம், படுகொலை என்றதும் தீர்ப்பைப் பற்றித்தான் பேசுகிறோம். வாக்குமூலம் வாங்குகிற வழக்கறிஞராக எனக்குத் தோன்றுவது, வழக்கின் பாதித் தலைவிதி முதல்நாள் குறிப்பேட்டிலேயே எழுதப்பட்டுவிடுகிறது என்பதுதான்.

1994 ருவாண்டா இனப்படுகொலை தொடர்பாக, அந்நாட்டின் தாபா பகுதி மேயர் அகயேசு மீது நடந்த வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1997 தொடக்கத்தில் தான்சானியாவின் அருஷா நகரில், ஐ.நா. அமைத்த சர்வதேசத் தீர்ப்பாயத்தில் விசாரணை ஆரம்பித்தபோது குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டே கிடையாது. சாட்சிக் கூண்டில் நின்ற ஒரு தாய்தான் தன் ஆறு வயது மகளுக்கு நேர்ந்ததைச் சொன்னார். நீதிபதிகள் அதை அப்படியே விட்டுவிடாமல் மேலும் கேட்டார்கள். மூவர் அமர்வில் ஒரே பெண், தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நவநீதம் பிள்ளை. பிறகு குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலையின் ஒரு வடிவமாகலாம் என்று 1998 செப்டம்பர் தீர்ப்பு கூறியது. அப்படிக் கூறிய முதல் சர்வதேசத் தீர்ப்பு அது. அந்தத் தாய் வாய் திறக்காமல் போயிருந்தால்?

அதனால்தான் கேள்விகள் முடிந்ததும் பேனாவை மூடிவிட்டு, “வேற ஏதாவது சொல்லணுமாம்மா?” என்று கேட்டுக் காத்திருப்பேன். கனமான விஷயம் பல சமயம் அப்போதுதான் வரும். “சீருடைக்காரங்கதானே வந்தாங்க?” என்று கேட்காதீர்கள். அவர் ஆமாம் என்பார். குறுக்கு விசாரணையில் அந்த ஆமாம் நிற்காது. என்ன உடுத்தியிருந்தார்கள், எந்த மொழியில் பேசினார்கள் என்பதெல்லாம் அவர் வாயாலேயே வரட்டும். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் தனித்தனியே எழுதுங்கள். ஒருவரையே பத்து அமைப்புகள் மாறி மாறிச் சொல்ல வைப்பது கொடுமை. முரண்பாடுகளும் அங்கேதான் முளைக்கின்றன.

தண்டனை கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நிறவெறி ஆட்சிக்காலக் குற்றங்களை விசாரித்த தென்னாப்பிரிக்க உண்மை ஆணையத்திடம் பொதுமன்னிப்புக் கேட்டு வந்த மனுக்கள் 7,112. ஏற்கப்பட்டவை 849 மட்டுமே. மறுக்கப்பட்டவர்களாவது நீதிமன்றத்துக்குப் போனார்களா என்றால், மிகச் சிலரே. உண்மையைச் சொன்னால் மன்னிப்பு, மறைத்தால் வழக்கு என்பது ஏற்பாடு; இரண்டாம் பாதியை அரசே கைவிட்டது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இது.

காகிதங்களையும் அலட்சியப்படுத்தாதீர்கள். ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் சர்வாதிகாரி ஹப்ரேயின் ஆட்சி 1990இல் கவிழ்ந்தது. அவருடைய ரகசியப் போலீசின் கோப்புகள் கைவிடப்பட்ட அலுவலகத் தரையில் சிதறிக் கிடந்து, 2001இல்தான் கண்டெடுக்கப்பட்டன. காவலில் இறந்த 1,208 பேரின் விவரம் அவற்றிலிருந்து தெரியவந்தது. 2016இல் செனகல் நாட்டின் டக்கார் நகரில் அமைந்த சிறப்பு நீதிமன்றம் ஹப்ரேவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

சாட்சி சொல்ல வருபவர்களிடமும் இதைச் சொல்லுங்கள்: வீட்டிலுள்ள கைது ரசீது, புகார் நகல், புகைப்படம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். யார் கேட்டாலும் நகலையே கொடுங்கள். அசலைக் கொடுத்தே ஆகவேண்டுமென்றால் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.